பௌர்ணமி ராத்திரியில் புதுச்சேரிக்குச் சைக்கிளில்: முதல்முறை வருகிறவர்களுக்கு

கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. குழுவில் பதினோரு பேர். பம்ப் இருக்கிறது, டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இருக்கிறது, அட்டைப்பெட்டி பிரிக்காத புது டியூப் இருக்கிறது என்று தெம்பாகத்தான் இறங்கினேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே தடி வால்வு டியூப். என் ரிம்மில் இருப்பது ஒல்லி வால்வுக்கான துளை. உள்ளே நுழையவே நுழையாது. ஒட்டுப்போடும் சாமான் வைத்திருந்தவர் குழுவில் ஒருவர்தான். அவர் பழைய டியூபில் ஓட்டையைத் தேடி ஒட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் மற்றவர்கள் வியர்வை காய்ந்து குளிரில் நடுங்கிக்கொண்டு, கொசுவை அடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சென்னையிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரிக்கு ராத்திரியில் கூட்டமாகச் சைக்கிளில் போவது ஒன்றும் பெரிய சாகசமில்லை. சாலை சமதளம், வழி தவற வாய்ப்பில்லை, கடல் பக்கத்திலேயே வருகிறது. புறப்பட்ட உற்சாகத்தில் மகாபலிபுரம் வரை தானாக ஓடிவிடும். விடியத் தொடங்கினால் மிச்சமும் ஓடிவிடும். நடுவில் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, கல்பாக்கத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே, கடை கிடையாது, தெருவிளக்கு அபூர்வம், உடம்பு படுக்கையைக் கேட்கும். கீழே சொல்லப்போகிற எல்லாத் தயாரிப்பும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

நாள் குறிப்பது

தையும் மாசியும்தான் நல்ல மாதங்கள். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. காற்றும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும் என்பதால் தெற்கே போகிறவருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். சித்திரை, வைகாசியில் தென்காற்று எதிரே அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் போகவே கூடாது என்றில்லை, முதல் பயணத்துக்கு வேண்டாம்.

பௌர்ணமி, அல்லது அதை ஒட்டிய சனிக்கிழமை. நிலவு அழகுக்காக மட்டுமில்லை. சாலையோரம் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பது நிலா வெளிச்சத்தில் ஓரளவு தெரியும். புறப்படும்போது நிலா இடதுகைப் பக்கம் கடல்மேல் நிற்கும், நம் நிழல் வலப்பக்கம் நீளமாக விழும். மகாபலிபுரம் தாண்டும் நேரத்தில் நிலா உச்சிக்கு வந்து, நிழல் சைக்கிளுக்கு அடியிலேயே சுருண்டுகொள்ளும். மரக்காணத்தில் பார்த்தால் நிழல் இடதுபக்கம் மாறியிருக்கும். கடிகாரம் பார்க்காமலே மணி சொல்லிவிடலாம்.

மாசி மகப் பௌர்ணமிக்கு மகாபலிபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அன்று அந்தப் பகுதியில் வண்டியும் ஆளும் அதிகம். பார்க்க வேண்டிய கூட்டம்தான், ஆனால் வேகமாகக் கடந்துவிடலாம் என்று திட்டம் போட்டுவிடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் எதிர்ப்பட்டாலும் அப்படித்தான். சாலையோரம் அவர்களுக்கு, நாம் மெதுவாக விலகிப் போகவேண்டியதுதான்.

நேரக் கணக்கு

திருவான்மியூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். புதியவர்கள் கலந்த குழு ஓடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் போகும். ஆக, மிதிக்க மட்டும் ஏழு மணி நேரம். நிற்கிற நேரத்துக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதரைக்குப் புறப்பட்டால் முட்டுக்காடு பாலம் பத்தரை, மகாபலிபுரம் பன்னிரண்டு, கல்பாக்கம் ஒன்றேகால், கடப்பாக்கம் மூன்று, மரக்காணம் நாலு, புதுச்சேரி ஆறேகால். அந்த மாதங்களில் சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் போய் உட்காரச் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். செல்போனில் அனுப்பினால் போதாதா என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஈரக்கையோடு திரையைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாள்தான் நல்லது.

ஆறு வாரப் பழக்கம்

இப்போது ஒரே மூச்சில் 30 கிலோமீட்டர் ஓட்ட முடிகிறவருக்கு ஆறு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தை 40, 50, 65, 80, 100 என்று வாரவாரம் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கடைசி வாரம் சும்மா 30 போதும், கால் ஓயட்டும். நூறு ஓட்டியவரால் 140 ஓட்ட முடியும், கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதில் ஒரு ஓட்டமாவது ராத்திரியில் இருக்கவேண்டும். பகலில் நூறு ஓட்டுகிறவர்கள் இருட்டில் நாற்பதிலேயே தலைவலி என்று உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எதிரே வரும் பேருந்தின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது பார்வையைச் சாலையின் இடது ஓரக்கோட்டில் வைத்துக்கொள்வது எல்லாம் பழகினால்தான் வரும்.

சீட் உயரத்தையும் இந்த வாரங்களில் சரிசெய்துவிடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். மெத்தை வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டையை உள்ளாடை இல்லாமல்தான் போடவேண்டும். உரசும் இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோரும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சைக்கிளும் பஞ்சரும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக் பிடிக்கவேண்டும், கியர் தாவாமல் மாறவேண்டும், சக்கரம் கோணலில்லாமல் சுற்றவேண்டும். பத்து நாள் முன்பே கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள் கொடுக்காதீர்கள். புதுக் கேபிள் இரண்டு ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், அதைத் திருப்பி இறுக்க நாள் வேண்டும். டயரில் எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்குள், புறப்படுகிற அன்று மாலை அடியுங்கள்.

ஈசிஆரில் பஞ்சர் ஆவதற்கு ஆணியைவிடப் பெரிய காரணம் லாரி டயர். வெடித்த லாரி டயரிலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள் சாலையோரம் சிதறிக் கிடக்கும். அது டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பியை எடுக்காமல் விட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். டயரைக் கழற்றியதும் ஒரு துணியை விரலில் சுற்றி உட்புறம் மெதுவாக ஒரு வட்டம் ஓட்டுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் துணி நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும். வெறும் விரலால் தேடினால் விரல்தான் கிழியும். சாலையோரம் ஒதுங்கி நிற்கிற இடங்களில் சீமைக் கருவேல முள்ளும் உண்டு, ஆகவே சைக்கிளைத் தூக்கி வையுங்கள், உருட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டுக் கூடத்தில் பின்சக்கரத்தை மூன்று முறை கழற்றி மாட்டுங்கள். மூன்றாவது முறை விளக்கை அணைத்துவிட்டு. கழற்றும் முன் செயினைப் பின்னால் இருக்கும் மிகச்சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்தால் வேலை பாதியாகும். புது டியூபில் உருவம் வருமளவு கொஞ்சம் காற்று அடித்துக்கொண்டு உள்ளே வைத்தால் முறுக்கிக்கொள்ளாது. டயரின் கடைசிப் பகுதியை லீவரால் நெம்பாதீர்கள், டியூபைக் கடித்துவிடும். இரண்டு கட்டைவிரலாலும் தள்ளினால் உட்காரும்.

ஆளுக்கு எடுத்துக்கொள்ளவேண்டியவை: டியூப் இரண்டு (பெட்டியைப் பிரித்து, வால்வைப் பார்த்து!), ஒட்டுப்போடும் சாமான், லீவர், கைப்பம்ப், ஆலன் சாவிக் (அறுகோணத் திருகுச் சாவி) கொத்து. ஒல்லி வால்வு வைத்திருக்கிறவர்கள் சுண்டுவிரல் நக அளவு இருக்கும் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பஞ்சர் கடைக்காரரை எழுப்பினாலும் அவருடைய கம்ப்ரசர் குழாய் ஒல்லி வால்வுக்குப் பொருந்தாது. அந்தப் பித்தளைத் துண்டு இருந்தால் பொருந்தும்.

விளக்கு

பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. ஒன்று அணைந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, அதனால்தான் இரண்டு. கூட்டத்தில் போகும்போது இரண்டையும் நிலையாக எரியவிடுங்கள். மினுக்குகிற விளக்கைப் பத்து நிமிடம் பின்தொடர்ந்து பாருங்கள், ஏன் என்று புரியும். கடைசி ஆள் மட்டும் ஒன்றை மினுக்கவிடலாம்.

முன்விளக்குப் பெட்டியில் வெளிச்ச அளவு என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். முழு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதுதான் கேள்வி. பல விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். நமக்கு எட்டரை மணி நேரம் தேவை. நடுத்தர வெளிச்சத்தில் வைத்து, மகாபலிபுரத்திலும் கடப்பாக்கத்திலும் நிற்கும்போது பவர் பேங்கில் போடுங்கள். வெளிச்சம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் தரையில் விழுகிற மாதிரி சாய்த்து வையுங்கள். நேரே வைத்தால் எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும், அவர் நம்மேலேயே வருவார்.

ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். உலகம் முழுக்க நடக்கும் பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் இருட்டில் அது இல்லாமல் ஓட்டவே விடமாட்டார்கள். அத்துடன் கணுக்காலில் ஒளிரும் பட்டை ஒன்று கட்டுங்கள். முதுகில் இருக்கும் பட்டை அசையாது, கணுக்காலில் இருப்பது மேலும் கீழும் ஏறி இறங்கும். அதைப் பார்த்ததும் லாரி ஓட்டுநருக்கு இது சைக்கிள் என்று உடனே தெரிந்துவிடும். ஐம்பது ரூபாய் சமாசாரம், என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே இதற்குத்தான் முதலிடம். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா என்ன. இல்லாதவரை நாங்கள் சேர்ப்பதில்லை.

தூக்கமும் சாப்பாடும்

முந்தின இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்குங்கள். போகிற அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்திருங்கள். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு நேரே வருகிறேன் என்கிறவரை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள், மூன்று மணிக்கு அவர் கண் சொருகும்.

ஏழு மணிக்கு இட்லியோ, தயிர்சாதமோ. எங்களுடன் ஒருவர் எட்டரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வந்தார். கோவளத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினார்.

ஓடும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போகவேண்டும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு கடலைமிட்டாய், அல்லது நாலைந்து பேரீச்சம்பழம். பசி தெரிந்தபிறகு சாப்பிட்டால் பலன் வர நேரமாகும், அதற்குள் கால் மரக்கட்டையாகிவிடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. ராத்திரியில் தாகம் தெரியாது, ஆனால் கடற்காற்றில் வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி.

டீயை மகாபலிபுரத்திலேயே எல்லாம் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். ஒரு பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு இரண்டரை மணிக்குக் குடியுங்கள், அதுதான் வேலை செய்கிற நேரம். அப்போதும் தூக்கம் தள்ளினால், ஓட்டுகிற கோடு வளைந்தால், பக்கத்திலிருப்பவர் கேட்டதற்கு இரண்டு நொடி கழித்துப் பதில் வந்தால், வீரம் வேண்டாம். குழுவை நிறுத்துங்கள். வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில், கேட்டுக்கொண்டு, இருபது நிமிடம் படுத்து எழுந்தால் ஆள் புதிதாகிவிடுவார். நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை வையுங்கள். சென்னையில் குளிரா என்று சிரிப்பார்கள். வியர்த்த உடம்போடு நின்று பார்க்கட்டும்.

கூட்டமாக ஓட்டுவது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் சரியான அளவு. அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். வழி தெரிந்த ஒருவர் முதலில், அனுபவமுள்ள ஒருவர் கடைசியில். கடைசி ஆளை யாரும், எந்தக் காரணத்துக்கும் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பஞ்சரானால் குழு முழுதும் நிற்கும். வேகத்தை முடிவுசெய்கிறவர் முதலில் போகிறவரில்லை, குழுவிலேயே மெதுவாக வருகிறவர். இதைப் புறப்படும் முன் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மகாபலிபுரத்துக்குள் மூன்று குழுவாகியிருப்பீர்கள்.

ஒற்றை வரிசை. முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி. பக்கவாட்டில் சக்கரம் சக்கரத்தைத் தாண்டிப் போகவே கூடாது. முன்னால் இருப்பவர் பள்ளத்துக்கு விலகினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வருகிறவர்தான் விழுவார்.

இருட்டில் கைச்சைகை தெரியாது, குரல்தான். "பள்ளம்", "மணல்", "மாடு", "வண்டி", "நிக்கிறோம்". முதல் ஆள் சொன்னதை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லிக் கடைசி ஆள் வரை கொண்டுபோகவேண்டும். மாட்டைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. பகல் சூடு தங்கியிருக்கும் தார்ச்சாலையில் படுத்து அசைபோடும், கறுப்பு மாடு பத்தடியில் வரும்வரை தெரியாது. சாலையை அகலப்படுத்தும் இடங்களில் தடுப்புகளும் திடீர்த் திருப்பங்களும் வரும். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள் ஊர் தொடங்கும் இடத்தில் இருக்கும், பெயர்ப்பலகை தெரிந்தாலே வேகத்தைக் குறையுங்கள்.

நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், கூட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுவீர்கள். மெதுவாக்கி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் போய்விடும். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் தலையை எண்ணுங்கள். காதில் பாட்டு வேண்டாம். அவசரத்துக்கு 108, போலீசுக்கு 112.

மரக்காணத்துக்குப் பிறகு

உப்பளம் வரும்போது வாசனையே சொல்லிவிடும். சாலையோரம் குவித்த உப்பு நிலா வெளிச்சத்தில் வெளுத்துத் தெரியும். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சைக்கிளைச் சாலையை விட்டு முழுக்க இறக்கிவிட்டு. இங்கிருந்து உப்பு லாரி, மீன்வண்டி, பால்வண்டி எல்லாம் ஓடத் தொடங்கும். நம்மைப்போலவே அந்த ஓட்டுநர்களுக்கும் தூக்கம். மிச்சம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்று சிலர் பறப்பார்கள். புதுச்சேரிக்குச் சற்று முன்னால் வரும் காலாப்பட்டு நெருங்கும்வரை வரிசையைக் கலைக்காதீர்கள்.

திரும்புவதற்கான ஏற்பாட்டைப் புறப்படும் முன்பே செய்துவிடுங்கள். பத்துச் சைக்கிளைப் பேருந்தில் ஏற்றுவது நடக்காத காரியம். எல்லோரும் பங்கு போட்டு ஒரு டாடா ஏஸ் சைக்கிளுக்கு, ஒரு வேன் ஆளுக்கு. ராத்திரி முழுக்கக் கூடவே வந்த வண்டியென்றால் அந்த ஓட்டுநர் தூங்கவில்லை என்பதை மறக்காதீர்கள். ஒன்று அவரை நாலைந்து மணி நேரம் தூங்கவிடுங்கள், அல்லது காலையில் வேறொருவர் வருகிற மாதிரி பேசுங்கள். சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே பழைய போர்வையைக் கொடுத்துக் கட்டுங்கள், செயின் இருக்கும் பக்கம் ஒன்றோடொன்று உரசாமல். டிபனைச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், ஏறினபின் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். எத்தனையோ முறை அந்தப் பாதையில் திரும்பி வந்தும், கடப்பாக்கம் பகலில் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.